ஸ்பூனுக்குள் தாத்தா

கதவு திறந்தே கிடந்தது. பெட்டியோடு உள்ளே நுழைந்தவளுக்குக் கண்ணில் பட்டதை நம்ப முடியவில்லை.

பக்கவாதம் வந்து, போன மாதம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அப்பா, கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே, அண்ணனின் பத்து மாதக் குழந்தை. அண்ணியோ சோபாவில் சாய்ந்துகொண்டு, கையில் போனோடு.

"என்ன அண்ணி இது? நோயாளிகிட்டே குழந்தையை விட்டுட்டு, நீங்க ஹாயா சாஞ்சிருக்கீங்க?"

அண்ணி நிமிரக்கூட இல்லை. "முதுகு பிடிச்சுக்கிச்சும்மா. குனிய முடியலை."

மகளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

அப்பா ரயில் ஓட்டியவர். வலது கை விழுந்ததோடு மனசும் விழுந்துவிட்டது. பயிற்சி கொடுக்க வந்தவரை, "போய்யா, இந்தக் கை இனிமே எதுக்கு?" என்று விரட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். போனில் கூப்பிட்டாலும் பேசுவதில்லை. அந்தப் பயத்தில்தான் லீவு போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள்.

"எழுந்திருங்கப்பா. உள்ளே போய்ப் படுங்க."

"இரு, இரு! இந்தப் பயல் என்ன பண்றான்னு பாரு."

குழந்தை ஒரு ஸ்பூனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. திருப்பியது. மறுபடி திருப்பியது. இருந்த இரண்டு பல்லும் தெரியச் சிரித்தது. பிறகு, 'நீயும்தான் பாரேன்' என்பதுபோல் தாத்தாவிடம் நீட்டியது.

அவர் வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தார்.

"அட! இந்தப் பக்கம் தலைகீழா தெரியறேன். திருப்பினா நேரா வந்துடறேன்! இத்தனை வருஷமா இதாலதானே சாப்பிடறேன்? ஒரு நாளாவது கவனிச்சிருக்கேனா?"

மகள் அப்போதுதான் அந்தக் கையைக் கவனித்தாள்.

ஸ்பூன் அப்பாவின் வலது கையில் இருந்தது. நடுங்கியது. ஆனால் விழவில்லை. அது அவருக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை.

"நேத்து இவன் தன் நிழலைப் பிடிக்கப் பார்த்தான். சுவரைத் தட்டித் தட்டிக் கூப்பிடறான், வரமாட்டேங்குதாம்! நானும் கூடச் சேர்ந்து தட்டினேன்." சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "அண்ணியை ஒண்ணும் சொல்லாதேம்மா. பாவம், முடியலை அவளுக்கு. நான் ஒருத்தன் இல்லேன்னா இந்த வீடு என்ன ஆகறது?"

மகள் மெல்ல சோபா பக்கம் போனாள்.

அண்ணியின் கையிலிருந்த போன் அணைந்து கிடந்தது. அவள் கண் மட்டும் ஓரமாக, தரையில் இருந்த இரண்டு பேர் மேலேயே இருந்தது.

"அண்ணி... அப்பா கை..."

"உஸ்! நாலு நாளா இப்படித்தான்." அண்ணி கிசுகிசுத்தாள். "எனக்கு முதுகும் வலிக்கலை, ஒண்ணும் வலிக்கலை. நான் எழுந்தா, குட்டியை எங்கிட்டே கொடுத்துட்டு மாமா மறுபடி போய்ப் படுத்துடுவார்."

மகளின் கண்ணில் தண்ணீர் வந்து நின்றது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

அண்ணி அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"மாமா பார்க்கிறார். நிறுத்திடாதே... இன்னும் கொஞ்சம் சத்தமா திட்டு!"