நேர்கோடு சார்

"நேராப் போன்னா நேராத்தானேம்மா போகணும்? நடுவுல எதுக்கு ஒதுங்கினே?"

கேட்டவர் டிரைவிங் டெஸ்ட் எடுக்கும் அதிகாரி. டிரைவிங் ஸ்கூல்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'நேர்கோடு'. அதை அவர் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பெண்ணுக்கு வியர்த்துக் கொட்டியது. "பின்னாடி ஆம்புலன்ஸ் வந்துது சார்."

"நான் ஆம்புலன்ஸைப் பத்திப் பேசினேனா? கோட்டுக்குள்ளேயே ஓட்டுன்னேன். நீ கோட்டைத் தாண்டி மண்ணுல எறக்கிட்டே."

"ஓரத்துல யாரும் இல்லைன்னு பாத்துட்டுத்தான் சார் எறக்கினேன். அது போனதும் ரோட்டுக்கு வந்துட்டேனே!"

"அதான் உன் வியாதி. மனசு ஒரு இடத்துல நிக்கமாட்டேங்குது. ஃபெயில்!"

இத்தனைக்கும் சாரின் மனசு பாதி நேரம் செல்போனில்தான் இருந்தது.

"சார், சார்! இன்னிக்கு லைசன்ஸ் கிடைச்சாத்தான் எனக்கு வேலை. இருக்கிறது ஒரே ஒரு இடம். நானும் பின்னாடி உக்காந்திருக்கிற இந்தத் தம்பியும்தான் போட்டி. வீட்டுக்காரருக்கு வேலை வேற போயிடுச்சு சார்."

"ஃபெயிலுன்னா ஃபெயிலுதான். நீ பின்னாடி போ. தம்பி, நீ வா."

தம்பி வந்தான். சீட் பெல்ட்டைப் போட்டான். கிளம்பினான்.

அந்த ரோட்டுக் கடைசியில்தான் ஆஸ்பத்திரி. சைரனுக்குப் பஞ்சமா? கொஞ்ச தூரம் போவதற்குள் அடுத்த ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வந்துவிட்டது.

தம்பி ஒதுங்கினானா? மூச்! கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, உள்ளே யாரு உயிருக்குப் போராடுறாங்களோ! கொஞ்சம் ஒதுங்குப்பா!" பின் சீட்டிலிருந்து அந்தப் பெண் பதறினாள்.

அதிகாரி சீறினார். "நீதான் ஃபெயிலாயிட்டேல்ல, அவனையும் கெடுக்கணுமா? நீ நேராப் போப்பா!"

போனான். முன்னால் டெஸ்ட் வண்டி, பின்னால் கதறிக்கொண்டே ஆம்புலன்ஸ். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நல்ல ஊர்வலம்.

நேர்கோடு சாருக்குப் புல்லரித்துவிட்டது. "பாத்தியாம்மா? இதுக்குப் பேருதான் கவனம். இடியே விழுந்தாலும் அசையமாட்டான் போலிருக்கே!"

பாஸ் போட்டார். முதுகிலும் தட்டிக் கொடுத்தார்.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி நடந்தாள்.

அப்புறம்தான் சாருக்குக் கேட்கத் தோன்றியது. "ஆமா, எந்த வண்டி ஓட்டப் போறே தம்பி?"

"ஆம்புலன்ஸ்தான் சார்" என்றான் அவன் குஷியாக. "ரொம்பச் சுலபமான வேலை. சைரனைப் போட்டா எல்லாரும் ஒதுங்கி வழி விட்டுடுவாங்கல்ல?"