கடைசி பெஞ்சு சார்

இருபது ஆங்கில ஆசிரியர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிக்கிறார்கள். ஒரு டீச்சர் பாடம் எடுக்கிறார். ஆசிரியர் பயிற்சியில் இதுதான் முறை. ஜன்னல் வெயிலில் சாக்பீஸ் தூள் மிதக்கிறது. டீச்சர் கடைசி பெஞ்சைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்கிறார். இருபத்தாறு வருடமாக ஆங்கிலம் நடத்தும் நரைத்த மீசைக்காரர் எழுந்திருக்கிறார். விரல்கள் பெஞ்சின் விளிம்பை இறுகப் பற்றுகின்றன. "தெரியல டீச்சர்." அறையே கொல்லென்று சிரிக்கிறது. "அடேயப்பா, சார் என்னமா நடிக்கிறாரு!" என்று பயிற்சியாளர் கைதட்டுகிறார். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. மீசைக்காரரின் கழுத்தில் வழியும் வியர்வையை யாரும் நடிக்க முடியாது. "நாளைக்கு நீங்கதான் சார் பாடம் எடுக்கணும்," என்கிறார் பயிற்சியாளர். சிரிப்பு அடங்கிவிடுகிறது. உட்காரச் சொல்வார் என்று டீச்சரையே பார்த்துக்கொண்டு மீசைக்காரர் நிற்கிறார்.