நெய்னாரின் பிடிவாதம்

"ராத்தாட கையை விடுங்க மச்சான்."

ஃபாஹிமா வாசல் படலையை மறித்துக்கொண்டு நின்றாள்.

சுபஹு தொழுத கையோடு நெய்னார் தன் மனைவியை, ஃபாஹிமாவின் அக்கா ஸுல்பிகாவை, கடற்கரைக்கு நடத்திக்கொண்டு போகப் புறப்பட்டிருந்தார். ஸுல்பிகாவின் விரல்கள் வீங்கி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தன. அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள்.

"நடக்கத்தான் வேணும். டொக்டர் சொல்லியிருக்கார்" என்றார் நெய்னார்.

"விடியக்காலத்துல மூட்டெல்லாம் விறைச்சுப்போய் எழும்பவே ஏலாத பொம்புளைய, மணல்ல இழுத்துக்கொண்டு போகச் சொல்லியா?"

நெய்னார் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். இரண்டு பேரும் ஃபாஹிமாவை விலத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

ராத்தாவின் ஊரான இந்த ஆலங்குடாவிலிருந்து ஆள் மாறி ஆள் அவளுக்கு ஃபோன் எடுத்திருந்தார்கள். "ஒங்கட ராத்தாவ அந்த மனுசன் சாகடிச்சிருவார்." அதற்குப் பிறகுதான் ஃபாஹிமா ஃபோனில் தேடிப் பார்த்தாள். இந்த மூட்டுவாதக்காரருக்கு ஆயுள் குறைவாம். சாவு மூட்டால் வருவதில்லையாம்; கனபேரை மாரடைப்புத்தான் கொண்டுபோகிறதாம். புத்தளத்திலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதாள்.

அவர்கள் திரும்பி வருவதற்குள் ராத்தாவின் உடுப்பையெல்லாம் பேக்கில் அடுக்கி முடித்துவிட்டாள்.

நெய்னார் வேர்க்க விறுவிறுக்க வந்து, முகம் கழுவிக்கொண்டு மீன் வாங்கப் போனார். அவர் தலை மறைந்ததும் ஃபாஹிமா பேக்கைத் தூக்கிக் கட்டிலில் வைத்தாள்.

"பின்னேர பஸ்ஸுக்கு எங்கட ஊட்டுக்குப் போறோம் ராத்தா. இருக்கிற கொஞ்ச காலமாவது நீங்க நிம்மதியாப் படுத்திருங்க."

"கொஞ்ச காலமா?" ஸுல்பிகா சிரித்தாள். "அப்ப நீயும் கணக்குப் பார்த்துட்டாய்."

ஃபாஹிமாவுக்கு முகம் செத்துப்போனது.

ஸுல்பிகா பேக்கின் ஸிப்பை இழுத்தாள். விரல் வழுக்கியது. உதவிக்கு நீண்ட தங்கையின் கையைத் தட்டிவிட்டு, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே பிடித்து இழுத்துத் திறந்தாள். உடுப்பை ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரிக்குள் வைக்கத் தொடங்கினாள்.

"இந்த ஊரே என்ட மவுத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கு. நோய் பார்க்க வாற பொம்புளைகள் கபன் துணிக்கு அளவெடுக்கிற மாதிரிப் பார்க்குறாங்க. நான் டொக்டர்ட மூஞ்சிக்கு நேராவே கேட்டன், எனக்கு ஆயுசு குறைவா எண்டு."

"என்ன சொன்னார்?"

"ஒளிக்கல்ல. வருத்தம் விரல்ல தெரிஞ்சாலும் இதயத்தையும் நுரையீரலையும்தான் பழுதாக்குமாம். கிருமியும் லேசாத் தொத்துமாம். மருந்தை விடாம எடு, காய்ச்சல் எண்டா உடன வா, நட, கனகாலம் இருக்கலாம் எண்டார். விரல் போனாப் போகட்டும் ஃபாஹிமா. படுத்துக்கிடந்து மட்டும் நான் மவுத்தாக மாட்டன்."

ஃபாஹிமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் விடவில்லை.

"சரி, நடங்க. எங்கட ரோட்டுல நடங்க. நான் கையைப் புடிக்கிறன். மச்சானுக்குப் பயந்து இங்க கிடக்க வேணாம்."

ஸுல்பிகா வாசலை எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அண்டைக்கு என்னோட வந்த ஒன்ட மச்சானையும் டொக்டர் சோதிச்சுப் பார்த்தவர். என்னை விட அவர்ட இதயம்தான் மோசமாம். நடக்கச் சொன்னா, 'எனக்கென்ன வருத்தம்' எண்டு சிரிச்சிட்டு எழும்பி வந்துட்டார். தனக்காக எண்டா இந்தப் படலைக்கு அங்கால கால் வைக்காத மனுசன்."

கடைசிச் சட்டையையும் அலுமாரிக்குள் வைத்துக் கதவைத் தோளால் தள்ளிச் சாத்தினாள்.

"எனக்குத் தனியா நடக்க ஏலும் ஃபாஹிமா. அதை மட்டும் மச்சான்ட்ட சொல்லிப்போடாத."