கதவைத் தட்டுகிறவள்

ஒரு கைபேசிக்குள் மூன்று பேர் இருந்தார்கள். பேச்சை அள்ளிக்கொண்டு ஓடுகிற சுமப்பான், அரை நிமிடத்துக்கு ஒருமுறை எதிர்முனைக் கதவைத் தட்டி, "ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டு வருகிற தட்டி, இருவரையும் எழுப்பிவிடுகிற டைமர். படுக்கும்போது, "மறுபடி எழுப்பு" என்று சொன்னவரை மட்டும்தான் டைமர் எழுப்பும். தட்டல் நின்றால் கதவு மூடிக்கொள்ளும்.

அன்று பிரசவ அறைக்குப் போகுமுன் மலர்க்கொடி அந்தக் கைபேசியில் தன் அம்மாவுடன் பேசிக்கொண்டிருந்தாள்.

"வெறுங்கையை வீசிட்டுப் போய் வர்றா. அதுக்கு இவளை எழுப்ப ஒரு ஆளு!" என்று தட்டியைப் பார்த்துச் சிரித்தான் சுமப்பான்.

தட்டிக்குச் சுருக்கென்றது. டைமரிடம் ஒன்றும் சொல்லாமல் படுத்துவிட்டாள். கனவில் கதவுகள் தாமாகத் திறந்து, "வாம்மா" என்று அவளை அழைத்தன.

"அம்மா, பயமா இருக்கும்மா" என்ற குரலை ஏந்தி வந்த சுமப்பானுக்கு முன்னால் கதவு மூடியிருந்தது.

"அண்ணே, அவளை எழுப்புங்க!"

"அவ சொல்லலையே, தம்பி. நீ சொன்னே."

சொன்னபடி டைமர் அவனை மறுபடி மறுபடி எழுப்பிவிட்டது. ஒவ்வொரு முறையும் அவன் கையில், "அம்மா? அம்மா?" என்பது மட்டும் இருந்தது.