வடையின் மேல் ஒரு கடல்

தமயந்தி தான் எடுத்த ஒரு மெதுவடைப் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, அதன் மேல் லேயர் லேயராகப் போட்டு அரூப ஓவியம் செய்துகொண்டிருந்தாள். நீல லேயர் வடையை நீலமாக்கியது. சுழல் லேயர் அதைச் சுற்றிச் சுற்றி இழுத்தது.

"நான் கடலின் தனிமை," என்றது நீலம்.

"நான் காலத்தின் ஓட்டம்," என்றது சுழல். "கீழே யாரு?"

"வடைங்க," என்றது அடியில் கிடந்த படம். "ஓரத்துல கொஞ்சம் சட்னியும் இருக்கு."

இரண்டுக்கும் மானம் போய்விட்டது. "நாளைக்குக் கண்காட்சி. நாலு பேர் கேட்டா என்ன சொல்றது? நீ கொஞ்சம் மறைஞ்சுக்கோ."

வடை மறுபேச்சு பேசாமல் மறைந்துகொண்டது. அடுத்த நொடி திரையில் கடலும் இல்லை, காலமும் இல்லை. படம் எதுவும் இல்லாதபோது தெரியும் வெறும் சாம்பல் கட்டங்கள்தான் இருந்தன. நீலமாக்க ஒன்றும் கிடைக்காமல் நீலமும், சுழற்ற ஒன்றும் கிடைக்காமல் சுழலும் விழித்துக்கொண்டு நின்றன.

"சரி, வாங்க," என்றது நீலம், குரலைத் தணித்து. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் எதுக்குங்க சொல்லப்போறேன்," என்றபடி வடை திரும்பி வந்தது.

கண்காட்சியில் அந்தப் படத்துக்கு 'தனிமை - 7' என்று பெயர். ஜிப்பா போட்ட ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு அதன் முன் வெகுநேரம் நின்றார். நீலமும் சுழலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தன.

"ரொம்ப ஆழமா இருக்கு," என்றார் அவர், பக்கத்தில் நின்றவரிடம். "ஆமா, இங்க கேன்டீன் எந்தப் பக்கம்?"

வடை வாயே திறக்கவில்லை.