கட்டுப்பாட்டுக் குழு

பதினோராம் கட்டிலின் பெண் இன்று கேட்டுவிடுவாள் என்று செவிலிக்குத் தெரியும்.

தெரிந்தும் வெந்நீர்ப் பேசினைப் பன்னிரண்டாம் கட்டிலுக்கே தூக்கிச் சென்றாள்.

மாலை ஐந்து மணி. பெண்கள் இதயநோய்ப் பிரிவு.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. பத்தொன்பது ஆண்டுகள் வார்டில் நின்ற கால்கள். இப்போது முதுகலைச் செவிலியப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் இருபத்து மூன்று, இருபத்து நான்கு. அவர்கள் அவளை அக்கா என்கிறார்கள். அவர்களுடைய ஆய்வேடுகள் அச்சுக்குப் போய்விட்டன.

அவளுடைய ஆய்வு எளியது. இதயநோயாளிகள் முப்பது பேருக்கு ஐந்து நாள் மாலையில் வெந்நீரில் பாதக் குளியல். வேறு முப்பது பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். எல்லாரும் எப்படி உறங்கினார்கள் என்று ஆறாம் நாள் காலையில் கேட்டு எழுத வேண்டும்.

ஒரு பிரிவினரை மறு பிரிவினர் பார்க்கக் கூடாது. அதனால் குளியல் உள்ளவர்கள் மாடியில், இல்லாதவர்கள் கீழே.

சென்ற வாரம் மாடியில் குழாய் உடைந்தது. மாடிக் கட்டில்கள் கீழே வந்தன.

இன்று ஐந்தாம் நாள். இருவர் மட்டுமே மீதி. பன்னிரண்டாம் கட்டிலுக்கு வெந்நீர் உண்டு. பதினோராம் கட்டிலுக்கு இல்லை. ஒரு முறை வெந்நீர் பட்டாலும் அந்தப் பெயரை அடித்துவிட்டு, வேறொருவரைச் சேர்த்து மறுபடி ஐந்து நாள் காத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். தவறினால் அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து. அவளுடைய படிப்பு விடுப்பு அதுவரை நீளாது.

பன்னிரண்டாம் கட்டிலின் சொர்ணம் கண்களை மூடிக்கொண்டு, "மகாராணி கணக்கா இருக்கு மதினி," என்றாள். பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கும்படிதான் சொன்னாள்.

"நர்ஸம்மா."

கேட்டுவிட்டாள்.

"நாலு நாளாப் பாக்கேன். அவளுக்கு ஊத்துதிய, அமுக்கி விடுதிய. எனக்கு ஒரு சொம்பு வெந்நி கிடையாதோ?"

ஆவுடையம்மாள். அறுபத்திரண்டு வயது. மலையடிவாரத்து ஊர். இத்தனை நாளில் அவளைப் பார்க்க ஒருவரும் வரவில்லை.

செவிலி சொர்ணத்தின் பாதங்களைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். இடுப்பு வலித்தது. சுருக்கமாகச் சொல்லி முடித்துவிட நினைத்தாள்.

"நீங்க கைரேகை வச்ச தாளை வாசிச்சுக் காட்டினேனே, பெரியம்மா. நீங்க கட்டுப்பாட்டுக் குழுவுல இருக்கீங்க."

அந்தச் சொல் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியருடையது. ஒப்புதல் படிவத்தில் 'கண்ட்ரோல் குரூப்' என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிச் சென்றபோது சிவப்பு மையால் அடித்தார். தமிழில் சொல் உண்டு, எழுது என்றார். எழுதினாள். இடையில் ஒற்று மிகும் என்பதையும் அவரே திருத்திக் கொடுத்தார்.

சொல்லில் பிழை ஏதும் இல்லை.

ஆவுடையம்மாள் கால்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இங்கயும் போட்டுட்டாவளா?"

செவிலிக்கு விளங்கவில்லை.

பிறகு விளங்கியது.

இந்தப் பக்கத்து ஊர்களில் கட்டுப்பாடு என்றால் ஒரே பொருள்தான். ஊர் கூடி ஒரு வீட்டைத் தள்ளிவைப்பது. அந்த வீட்டுக்குக் கடையில் உப்புத் தரமாட்டார்கள். குழாயடியில் குடம் வைக்க விடமாட்டார்கள். சாவு விழுந்தால் தூக்க வரமாட்டார்கள்.

"அதில்ல, பெரியம்மா. இது என் படிப்புக்காக. நாளைக்குக் காலையில நாலு கேள்வி கேட்டு முடிச்சதும் நானே உங்களுக்கு..."

"அங்கயும் நாளைக்கு நாளைக்குன்னுதான் சொன்னாவ. பதினோரு மாசம்."

குரலில் கோபம் இல்லை. பேருந்து வரவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

செவிலி கோப்பிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்துப் பார்த்தாள். வரிசை எண் முப்பது. அடியில் கைரேகை, ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது.

இதற்கு முன் இருபத்தொன்பது பேர் இதே வரியைக் கேட்டுத் தலையசைத்திருந்தார்கள்.

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பேசினைக் கழுவினாள். புது நீர் பிடித்தாள். வெப்பமானியை இட்டுப் பார்த்தாள். நாற்பத்திரண்டு. இன்னும் கொஞ்சம் குளிர்நீர் சேர்த்தாள். நாற்பது.

பதினோராம் கட்டிலின் அருகே தரையில் உட்கார்ந்தாள். போர்வையை விலக்கினாள்.

பாதங்கள் வீங்கியிருந்தன. கட்டைவிரலால் அழுத்திய இடம் குழிந்தது. குழி மெல்லத்தான் நிரம்பியது. குதிகால் வெடிப்புகளில் எத்தனை கழுவினாலும் போகாத செம்மண்.

ஒரு காலை நீரில் இறக்கினாள்.

ஆவுடையம்மாள் மூச்சை உள்ளே இழுத்து, நெடுநேரம் கழித்து விட்டாள்.

"சுடுதா?"

இல்லை என்று தலையசைத்தாள். வார்டின் வாசலை ஒரு முறை பார்த்தாள். பிறகு குனிந்து, சொர்ணத்துக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"சுருக்காத் தொடச்சு விட்டுரு, தாயி. மீறுனவளையும் சேத்துத்தான் தள்ளி வைப்பாவ."

அவள் இரண்டாவது காலைக் கையில் ஏந்தினாள்.

பேராசிரியர் ஐந்தரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஐந்தரைக்கு வந்தார்.

மூத்தவர் வார்டுக்குள் நுழைந்தால் செவிலியர் எழுந்து நிற்க வேண்டும். பதினேழு வயதில், பயிற்சியின் முதல் நாளில் கற்றது. இன்றுவரை தவறியதில்லை.

மேசையருகே இருந்த பணிச் செவிலியர் எழுந்தார். சொர்ணம்கூட எழுந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்தாள்.

அவள் எழுந்திருக்கவில்லை.

கையில் ஒரு கால் இருந்தது.