சுவரில் ஒரு பெயர்

எண்பத்திரண்டாம் வருடம். ஜமுனாமரத்தூர் கால்பந்து மன்றச் சுவரில் அடுத்து யார் பெயரை எழுதுவது என்று வாக்குவாதம் நடந்தது.

“முனியன் மாதிரி கோல் போட்டவன் இந்த மலையில யாரு?” என்றார் கேப்டன் ரங்கன்.

முனியனின் அண்ணன் சடையன் இருப்புக்கொள்ளாமல் எழுந்தான். “போளூர்ல பெனால்டிய வெளிய அடிச்சவன். அவன் பேரு வேணாங்க.”

“இன்னா சடையா, சொந்தத் தம்பி மேலயே பொறாமையா?”

“அப்படியே வெச்சுக்கங்க. வேற யாரையாவது எழுதுங்க.”

பெயிண்டர் தூரிகையை எடுத்ததும் சடையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“செத்துப்போன ஆட்டக்காரங்க பேரத்தானே இதுல எழுதுறீங்க? லாரி வேலைக்குப் போன எந்தம்பி இன்னும் திரும்பல, அவ்ளோதான். செத்துட்டான்னு யாருங்க பாத்தது?”

ரங்கன் தலைகுனிந்தார். “அந்த எடம் காலியாவே இருக்கட்டும்ப்பா” என்றார் பெயிண்டரிடம்.